பள்ளியில் உடல் பருமன் தடுப்புத் திட்டம் தொடங்க: முட்டி மோதிக் கற்றுக்கொண்ட வழி

என் மகன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஜூனில் வாங்கிய யூனிஃபார்ம் பேன்ட்டுக்கு அக்டோபரில் பட்டன் போட முடியவில்லை. "உள்ளே மடிச்ச துணியெல்லாம் பிரிச்சாச்சும்மா, இனி புதுசுதான்" என்றார் தையல்காரர். குழந்தை நல மருத்துவரிடம் போனோம். வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். மிச்சமெல்லாம் பள்ளியைப் பற்றி. இடைவேளையில் என்ன வாங்குகிறான், கேன்டீனில் என்ன விற்கிறார்கள், பி.டி. பீரியட் வாரத்துக்கு எத்தனை, அதில் எத்தனை நிமிடம் ஓடுகிறான். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அதன் பிறகு ஒன்றரை வருடம் அலைந்து, 2025 ஜூனில்தான் பள்ளியில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வந்தது. அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. தவறான மாதத்தில், தவறான ஆளிடம், கையில் காகிதம் இல்லாமல் போனதால் வந்த வினை. நீங்களாவது அதிலிருந்து தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் இருப்பது திருச்சியில், மகன் படிப்பது ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில். அரசுப் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்றால் எது மாறும் என்பதை ஆங்காங்கே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டான பிள்ளைகளை இளைக்க வைக்கும் திட்டம் என்று எங்கேயும் வாயைத் திறக்காதீர்கள். கேன்டீன் ஒப்பந்தம், டைம்டேபிள், குடிதண்ணீர் இந்த மூன்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "எங்க பொண்ணுக்குச் சாப்பாடே இறங்க மாட்டேங்குது, நீங்க வேற" என்று நாலு அம்மாக்கள் எழுந்துவிடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது. ஒல்லியான பிள்ளைக்கும் சிப்ஸ் நல்லதல்ல, அவளும் மைதானத்தில் ஓட வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்குமான வேலை இது என்று புரியவைத்த பிறகுதான் அந்த அம்மாக்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

1. எந்த மாதத்தில் தொடங்குவது

பிப்ரவரியில். இதை முதலில் வைப்பதற்குக் காரணம், நான் முதலில் போனது நவம்பரில். "கான்ட்ராக்ட் மே வரைக்கும் இருக்கு மேடம், நடுவுல எப்படி மாத்துறது" என்று அனுப்பிவிட்டார்கள். நியாயமான பதில்தான். கேன்டீன் ஒப்பந்தம் பெரும்பாலும் கல்வியாண்டோடு முடியும். அடுத்த வருட டைம்டேபிளும் ஏப்ரல், மே மாதங்களில்தான் உருவாகும். ஆகவே பிப்ரவரியில் ஆள் சேருங்கள், மார்ச் முதல் வாரத்துக்குள் பள்ளி முதல்வரைப் பாருங்கள், ஏப்ரலில் ஒப்பந்த நிபந்தனைகள் எழுத்தில் வந்துவிட வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது புது விலைப்பட்டியல் சுவரில் இருக்க வேண்டும்.

செப்டம்பர், டிசம்பர் தேர்வு மாதங்களில் எதையும் கேட்காதீர்கள். அப்போது பி.டி. பீரியடே இருக்காது. கேன்டீன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவும் மாட்டார்கள்.

2. யாரைச் சேர்ப்பது, யாரிடம் பேசுவது

தனியாகப் போனால் உங்கள் பிள்ளையின் பிரச்சினையாகத்தான் அதைப் பார்ப்பார்கள். ஐந்து பேர் போதும். அதில் ஒருவராவது மருத்துவராகவோ செவிலியராகவோ இருந்தால் நல்லது. ஒருவர் கணக்கு வழக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஏன் என்று கேன்டீன் பகுதியில் புரியும்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் நிர்வாகக் குழுவில் பெற்றோர் இருவர் இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. உங்கள் பள்ளியில் அந்த இருவர் யார் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் கேட்டபோது அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் மறுவாரம் பெயர்கள் கிடைத்தன. மெட்ரிக் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம். அரசுப் பள்ளி என்றால் உங்கள் நிலைமை எங்களைவிட மேல். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டால் தலைமை ஆசிரியரிடம் தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் சத்துணவு பிரச்சினை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முட்டையும் சாம்பார் சாதமும் யாரையும் கெடுக்கவில்லை. வாசலுக்கு எதிரே சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுதான் அங்கே விஷயம்.

3. ஒரு வாரம் சும்மா பாருங்கள்

கருத்தோடு போனால் கருத்துதான் திரும்பி வரும். எண்ணிக்கையோடு போங்கள்.

காலை இடைவேளை முடிந்ததும் கேன்டீன் பக்கம் இருக்கும் மூன்று குப்பைத்தொட்டிகளைக் கொட்டி எண்ணலாம் என்று யோசனை சொன்னதே அங்கே பெருக்கும் ஆயாம்மாதான். கையுறை போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாளை விரித்து, இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். ஒரே இடைவேளையில் 186 கவர். சிப்ஸ், கிரீம் பிஸ்கட், ஜூஸ் டப்பா, ஐந்து ரூபாய் கேக். வாழைப்பழத் தோல் நான்கு. அந்த நான்கில் இரண்டு ஆசிரியர்கள் சாப்பிட்டது என்றார் ஆயாம்மா. முதல்வர் அறையில் நான் பேசியதில் வேலை செய்தது இந்த ஒரு எண்தான்.

கூடவே கேன்டீன் விலைப்பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் டைம்டேபிளை எடுத்து வைத்து, அந்த வாரம் உண்மையில் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது என்று தினமும் கேட்டுக் குறியுங்கள். குடிதண்ணீர்க் குழாய் எத்தனை, இடைவேளையில் எத்தனை வேலை செய்கிறது என்றும் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஆறு குழாய், அதில் இரண்டில் தண்ணீர் நூலாக வரும். பிள்ளைகள் ஜூஸ் டப்பா வாங்கியதில் பாதி காரணம் தாகம். குழாயைச் சரிசெய்ய ஆன செலவு 1,400 ரூபாய். மொத்தத் திட்டத்திலும் இதைவிட மலிவான, இதைவிடப் பலன் தந்த வேலை வேறு இல்லை.

4. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

முதலாவது, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொண்டுவந்த பள்ளி உணவு ஒழுங்குமுறை. 2020 செப்டம்பரில் அரசிதழில் வந்து, 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் (உப்பு) அதிகமுள்ள உணவைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. இலவசமாகக் கொடுக்கவும் கூடாது, விளம்பரமும் கூடாது. இதைச் சொல்லும் பலகை பள்ளி வாசலில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ ஏதாவது ஓர் இந்திய மொழியிலோ இருக்கலாம். சில பக்கங்கள்தான். ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்து, 50 மீட்டர் வரியையும் பலகை வரியையும் மஞ்சள் பேனாவால் குறித்து வையுங்கள். முழுதாகக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு மட்டும். 2025 மே மாதம் வாரியம் எல்லாப் பள்ளிகளிலும் சர்க்கரைப் பலகை, அதாவது எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை, வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் அன்றாடக் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது, இருக்க வேண்டியது 5 சதவீதம் என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள். அதே வருடம் ஜூலையில் எண்ணெய்ப் பலகை பற்றி இன்னொரு சுற்றறிக்கை வந்தது. இவை வரும்வரை நான் ஒரு தொல்லை பிடித்த அம்மா. வந்த பிறகு, பள்ளி அனுப்ப வேண்டிய அறிக்கைக்கு உதவுகிறவள். நீங்கள் இதை முதல் நாளே கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, கேன்டீனின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். 14 இலக்கம். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு வணிகப் பதிவு. சான்றிதழ் கேன்டீன் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். ஃபாஸ்கோஸ் என்ற அரசுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உயிரோடு இருக்கிறதா, காலாவதியா என்று தெரிந்துவிடும். எங்கள் கேன்டீனில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது இரண்டு வருடம் முன்பே முடிந்த சான்றிதழ். அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். நாங்கள் பார்த்த சமயத்தில் சிறு வணிகப் பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான். நாங்களே உட்கார்ந்து கேன்டீன்காரருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம். அன்று முதல் அவர் எங்கள் பக்கம்.

நான்காவது, பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, மூன்று கோரிக்கைக்கு மேல் கூடாது. கடைசி வரியில் பதில் தேதி கேளுங்கள். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் கடிதம் "மேலிடத்துக்குப் போயிருக்கு" என்ற பதிலோடு நான்கு மாதம் காணாமல் போனது. அப்போது என்னிடம் முத்திரை போட்ட நகல் இல்லை.

5. முதல்வரோடு முதல் சந்திப்பு

இருபது நிமிடம் கேளுங்கள், பதினைந்தில் முடியுங்கள். நான் 186 கவர் கதையைச் சொல்லி முடித்ததும் முதல்வர் அமைதியாகக் கேட்டார்: "சரிங்க, நீங்க உங்க பையனுக்கு ஸ்நாக்ஸ் டப்பாவுல என்ன கொடுத்து விடுறீங்க?" அன்று காலை நான் வைத்து அனுப்பியது கிரீம் பிஸ்கட். பொய் சொல்லவில்லை, ஆனால் காது சூடாகிவிட்டது.

ஆகவே போவதற்கு முன் வீட்டுப் பக்கத்தையும் எழுதி எடுத்துப் போங்கள். பள்ளி கேன்டீனை மாற்றினால் பெற்றோர் டப்பாவை மாற்றுவோம் என்று. நாங்கள் ஒரு வாரப் பட்டியல் போட்டோம். திங்கள் பழம், செவ்வாய் சுண்டல், புதன் வேர்க்கடலை, வியாழன் கொழுக்கட்டை, வெள்ளி அவரவர் விருப்பம். வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்ததால்தான் மற்ற நான்கு நாளும் ஓடுகிறது.

6. கேன்டீன்: வாடகையில் கை வைக்காமல் ஒன்றும் நடக்காது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் எளிது.

கேன்டீன் நடத்துபவர் பள்ளிக்கு மாத வாடகை கட்டுகிறார். எங்கள் பள்ளியில் 25,000 ரூபாய். பள்ளி நடக்கும் இருபது, இருபத்திரண்டு நாளில், காலையில் பதினைந்து நிமிடம், மதியம் முப்பது நிமிடம், இதற்குள் அவர் அந்த வாடகையை எடுக்க வேண்டும். பாக்கெட் என்றால் சரத்திலிருந்து பிய்த்துக் கையில் கொடுத்துவிடலாம். கெடாது, கழுவ வேண்டாம், ஆள் வேண்டாம். சுண்டலுக்கு முந்தின இரவே ஊறவைக்க வேண்டும், வேகவைக்க கேஸ், தாளிக்க ஆள், மிஞ்சினால் நஷ்டம். "நல்லது விக்கச் சொல்றீங்க, சரி, வாடகைய யாரு குறைப்பா?" என்று கேன்டீன் அண்ணன் கேட்டது நூறு சதவீதம் சரி. முதல் வருடம் நாங்கள் அதைக் காதில் வாங்காமல் பாக்கெட்டை மட்டும் தடை செய்யச் சொன்னோம். இரண்டு வாரம் சிப்ஸ் இல்லை. மூன்றாம் வாரம் அதே சிப்ஸ் கவுன்ட்டருக்குக் கீழே வந்தது, ஐந்து ரூபாய் பாக்கெட் எட்டு ரூபாய்க்கு.

கணக்குத் தெரிந்த ஆள் இங்கேதான் வேண்டும். அவர் கேன்டீன் அண்ணனோடு உட்கார்ந்து எந்தப் பொருளில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதினார். பாக்கெட்டில் ரூபாய்க்குப் பத்து, பன்னிரண்டு பைசாதான் நிற்கிறது. பத்து ரூபாய்ச் சுண்டலில் நான்கு ரூபாய் நிற்கிறது, விற்றுத் தீர்ந்தால். ஆகவே அவர் பயம் லாபத்தைப் பற்றியதே அல்ல, மிஞ்சுவதைப் பற்றியது. அந்தத் தாளைக் கொண்டுபோய் நிர்வாகத்திடம் கேட்டது இரண்டே: முதல் ஆறு மாதம் வாடகையை 15,000 ஆக்குங்கள், கேன்டீனுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வையுங்கள். ஃபிரிட்ஜைப் பெற்றோர் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம், பழையது, 9,000 ரூபாய். குளிர்பான நிறுவனம் இலவசமாகத் தந்திருந்த ஃபிரிட்ஜ் அதோடு வெளியே போனது. இலவச ஃபிரிட்ஜின் விலை, அதில் வேறு எதையும் அடுக்க முடியாது என்பது.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை: விற்கக்கூடிய பொருள்களின் பட்டியல் இணைப்பாக இருக்க வேண்டும். "ஜங்க் உணவு விற்கக் கூடாது" என்று பொதுவாக எழுதினால் பஃப்ஸ் ஜங்க்கா இல்லையா என்று வருடம் முழுக்க வாதம் நடக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரியுங்கள். பச்சை தினமும், மஞ்சள் வாரம் இரண்டு நாள், சிவப்பு கிடையவே கிடையாது. எங்கள் பச்சையில் சுண்டல், வேகவைத்த முட்டை, மோர், வாழைப்பழம், கொய்யா, இட்லி, வேர்க்கடலை. மஞ்சளில் வடை, கடலை மிட்டாய், பஃப்ஸ். கடலை மிட்டாயை மஞ்சளில் போட்டதற்கு எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. வெல்லமும் சர்க்கரைதான் என்று எத்தனை முறை சொல்வது. அப்புறம், ஒரு முறை காய்ந்த எண்ணெயை மறுநாள் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதுங்கள்.

ஜூனில் சுண்டல் வந்தது. முதல் வாரம் அப்படியே மிஞ்சியது. எனக்குத் தூக்கம் போனது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டோம். ஒரு நாள் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. தட்டில் கொடுத்தார்கள். தட்டை அங்கேயே நின்று சாப்பிட்டு, திருப்பிக் கொடுத்து, கை கழுவ வரிசையில் நிற்க வேண்டும். இடைவேளையே பதினைந்து நிமிடம். சிப்ஸ் என்றால் ஓடிக்கொண்டே சாப்பிடலாம். மறுநாளிலிருந்து கடற்கரைச் சுண்டல் மாதிரி காகிதக் கூம்பில், மாங்காயும் தேங்காயும் தூவிக் கொடுத்தோம். அச்சடிக்காத வெள்ளைக் காகிதம். செய்தித்தாள் கூடாது, அதன் மை உணவில் ஒட்டும். பத்தே நிமிடத்தில் பாத்திரம் காலி. பொருள் மாறவில்லை, கூம்புதான் மாறியது.

7. பி.டி. பீரியட்: இருக்கிறதா என்பதல்ல, ஓடுகிறார்களா என்பது

ஐந்து முதல் 17 வயதுப் பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு பீரியட், தலா 40 நிமிடம். அதிலும் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். ஒரு நாள் அனுமதி வாங்கி, மைதான ஓரத்தில் நின்று என் மகனைப் பார்த்து மொபைலில் நேரம் குறித்தேன். வரிசையில் நின்றது, வருகை எடுத்தது, இரண்டு செக்‌ஷன் 80 பிள்ளைகளுக்கு இரண்டே பந்து என்பதால் முறைக்குக் காத்திருந்தது எல்லாம் போக, அவன் உண்மையில் நகர்ந்தது ஒன்பது நிமிடம்.

இதற்குக் கூடுதல் பீரியட் கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள், கிடைக்காது. 9 முதல் 12-ம் வகுப்புக்கென்றால் உடற்கல்விக்குத் தினம் ஒரு பீரியட் என்று சி.பி.எஸ்.இ. 2018-லேயே சொல்லிவிட்டது, அதைக் காட்டிக் கேட்கலாம். மற்ற வகுப்புகளுக்கு, இருக்கிற 40 நிமிடத்தில் 25 நிமிடமாவது எல்லோரும் அசைய வேண்டும் என்று கேளுங்கள். பந்து வேண்டாத விளையாட்டுகள் போதும். கோகோ, நொண்டி, கயிறு தாண்டுதல், ஓடிப் பிடித்தல். நாங்கள் 40 ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தோம், ஒன்று 60 ரூபாய், மொத்தம் 2,400. கோடு போடச் சுண்ணாம்பு தனி.

இரண்டு பொறிகள். ஒன்று, பள்ளி அணியில் இருக்கும் இருபது பேர் மைதானத்தை எடுத்துக்கொள்வார்கள், ஓட வேண்டிய பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். அணிப் பயிற்சி பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ நடக்கட்டும் என்று எழுதி வாங்குங்கள். இன்னொன்று, தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது. ஓட்டத்தைத் தண்டனையாகப் பார்த்துப் பழகிய பிள்ளையை எப்படி ஆசையாக ஓடவைப்பது? பி.டி. ஆசிரியரை எதிரியாக்காதீர்கள். எங்கள் மாஸ்டர் இருபது வருடமாகத் தன் பீரியடைப் பறிகொடுத்தவர். நாங்கள் போய் நின்றதும் முதலில் நம்பவில்லை, பிறகு எங்களைவிட வேகமாக ஓடினார்.

8. உயரம், எடை அளப்பது

இதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. செய்தால் ஒழுங்காகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எங்கள் முதல் அளவீடு ஒரு விபத்து. அசெம்பிளி முடிந்ததும் வராந்தாவில் வரிசை, ஓர் ஆசிரியர் எடையைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் எழுத. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஷூ, பெல்ட், கைக்கடிகாரம், சட்டைப் பையிலிருந்த பேனா வரை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தான். அப்போதும் பின்னால் நின்றவன் சிரித்தான். அவன் அடுத்த மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முழுப் பட்டியலும் பெயரோடு வந்து விழுந்தது. அழிக்கச் சொல்லி நான் போன் செய்வதற்குள் எல்லா வீட்டிலும் படித்துவிட்டார்கள். பள்ளி மன்னிப்புக் கேட்டது, ஆனால் பிள்ளைகள் மறக்கவில்லை.

இரண்டாம் முறை செய்தது இப்படி. முன்கூட்டியே பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம், விருப்பமில்லாதவர்களுக்கு விலக்கு. தனி அறையில் ஒருவர் பின் ஒருவராக. அளந்தவர் வெளியிலிருந்து வந்த செவிலியர். எடை இயந்திரத்தின் எண் பிள்ளைக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தோம். முடிவு ஒட்டிய உறையில் வீட்டுக்கு. பள்ளிக்குக் கிடைத்தது வகுப்புவாரி மொத்தக் கணக்கு மட்டும், பெயர் இல்லாமல். நல்ல டிஜிட்டல் எடை இயந்திரம் 1,300 ரூபாய், சுவரில் பொருத்தும் உயர அளவுகோல் 700 ரூபாய். ஜூலையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருடாவருடம் வந்து பார்க்கும். அங்கே தனியாக அளக்கத் தேவையில்லை, அந்தக் குழு வரும் தேதியைத் தெரிந்துகொண்டால் போதும்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ., உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண். 11 வயதுப் பையன், 142 செ.மீ., 48 கிலோ என்றால் 23.8. இணையத்தில் கிடைக்கும் பெரியவர்களுக்கான கணிப்பானில் போட்டால், 25-க்குக் கீழே, சரியான எடை என்று பச்சை விளக்கு எரியும். ஆனால் 11 வயதுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் அது உடல் பருமன் பகுதியில் விழுகிறது. பிள்ளைகளுக்கு வயது, ஆணா பெண்ணா என்ற இரண்டையும் வைத்து வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். வரைபடத்தில் மேலே இருந்தால் மருத்துவரிடம் போங்கள், நீங்களே பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு எடை குறைவதைவிட, எடை நிற்க உயரம் ஏறுவதுதான் பெரும்பாலும் நோக்கம்.

ஆறு மாதத்தில் பள்ளியின் சராசரி பி.எம்.ஐ. இறங்கும் என்று நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், இறங்காது. அவர்களுக்கு வேறு எண்களைக் காட்டுங்கள். நடந்த பி.டி. பீரியட், குப்பைத்தொட்டிக் கவர், விற்ற சுண்டல். எங்கள் 186, பிப்ரவரியில் 41.

9. சர்க்கரைப் பலகை, பிறந்தநாள், ஸ்பான்சர்

சர்க்கரைப் பலகைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள், இரண்டு நாளில் யார் கண்ணிலும் படாது. தெர்மாகோல் அட்டையில் காலி பாட்டிலை ஒட்டி, பக்கத்தில் அதிலுள்ள சர்க்கரையைச் சின்ன ஜிப் கவரில் போட்டுத் தொங்கவிடுங்கள். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்று அச்சிட்ட 250 மில்லி கோலாவில் 26.5 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம் வீதம் ஆறரை டீஸ்பூன். நாளுக்கு 1,800 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 5 சதவீத வரம்பே 22 கிராம் சொச்சம்தான். லேபிளில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டத்தை நம்ப வேண்டாம், முழுப் பாக்கெட்டுக்கு மூன்று பரிமாறல் என்று பொடி எழுத்தில் இருக்கும். மொத்தச் செலவு 350 ரூபாய். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்ததுதான் இன்றும் கேன்டீன் சுவரில் இருக்கிறது. எறும்பு வரும், மாதம் ஒருமுறை கவரை மாற்றுங்கள்.

பிறந்தநாள் சாக்லேட்டை நிறுத்தச் சொன்னால் வீட்டில் அழுகை. பதிலாக வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம், பெயர் எழுதி. நல்ல மதிப்பெண்ணுக்குச் சாக்லேட் கொடுக்கும் ஆசிரியர்களிடம் நீங்கள் பேசாதீர்கள், முதல்வர் பேசட்டும்.

விளையாட்டு விழாவுக்கு இலவச டி-ஷர்ட்டும் பானமும் தருகிறோம் என்று ஒரு சத்துமாவு பான நிறுவனம் வந்தது. இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. சர்க்கரை அதிகமுள்ள பொருளின் விளம்பரத்துக்கும் இலவச மாதிரிக்கும் பள்ளியில் இடமில்லை என்று முன்பு சொன்ன ஒழுங்குமுறையே சொல்கிறது. மஞ்சள் பேனா இங்கேயும் உதவும்.

10. வாசலுக்கு வெளியே, புகார்

50 மீட்டரை டேப் பிடித்து அளந்து, பெட்டிக்கடைப் பாட்டியைத்தான் முதலில் விரட்டப் பார்த்தார் எங்கள் குழுவில் ஒருவர். பாட்டி விற்பது நெல்லிக்காய், கொய்யா, மாங்காய்ப் பத்தை. பாக்கெட் சரம் பிறகு வந்தது, கம்பெனி ஆள் கொண்டுவந்து மாட்டியது. நாங்கள் பேசியபோது சரத்தைப் பள்ளி விட்ட பிறகு மட்டும் மாட்டுவதாகச் சொன்னார். 50 மீட்டருக்குள் அதுவும் கூடாதுதான், ஆனாலும் அவர் பிழைப்பைக் கெடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. சரத்துக்குப் பதில் அவித்த கடலை விற்கட்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளியே கேட்காவிட்டால்தான் புகார். ஒவ்வொரு மாவட்டத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் இருக்கிறார். எழுத்தில் கொடுங்கள், கேன்டீனின் 14 இலக்க எண்ணும் விலைப்பட்டியல் படமும் இணைத்து, ஸ்பீட் போஸ்டில். துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கட்டணமில்லா எண் 1800 112 100. பதில் வராவிட்டால் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். புகார் கொடுக்கும் பெற்றோரின் பிள்ளையைப் பள்ளியில் எப்படி நடத்துவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் இரண்டாம் படியில் ஐந்து பேர் என்றேன். ஐந்து கையெழுத்தும் ஒரே கடிதத்தில் வட்டமாகப் போடுங்கள், முதல் பெயர் என்று ஒன்று இருக்காது.

எங்களுக்கு மொத்தச் செலவு, ஃபிரிட்ஜ், குழாய், கயிறு, அளவு கருவி, நகல் எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்க்குச் சற்றே கீழே. 60 குடும்பம் பகிர்ந்துகொண்டோம். ஆறு மாதம் முடிந்ததும் வாடகை மறுபடி 20,000 ஆகிவிட்டது. 25,000 வரை போகாமல் பிடித்து நிறுத்தத்தான் வரும் பிப்ரவரியில் அடுத்த கூட்டம்.